மூன்று வால்ட், ஒரு வால்வு: குறிப்பு ஆப்பில் விண்டோக்களைக் கட்டி மேய்த்த கதை

பாசன மோட்டார் பம்பு ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கி அனுப்பியிருந்தேன், 64 பக்கம். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் தரப்பில் சரிபார்க்கிறவர் ஃபோன் செய்தார். "சார், 12ஆம் பக்கத்துல 'ஒருவழி வால்வு'ன்னு போட்டிருக்கீங்க, 37ல 'திரும்பா வால்வு'ன்னு இருக்கு. ரெண்டும் வேற வேற பார்ட்டா சார்?" ஒரே பார்ட்டுதான். தண்ணீர் மேலே போகும், திரும்பிக் கீழே வராது, அவ்வளவுதான் அதன் வேலை. பம்பு செட் கடையில் இந்த இரண்டு பெயரையும் சொன்னால் கடைக்காரர் ஒரு நிமிஷம் முழிப்பார், அப்புறம் "என்.ஆர்.வி.யா கேக்குறீங்க?" என்பார், நான்-ரிட்டர்ன் வால்வு என்பதன் சுருக்கம். அது தனிக் கதை.

எனக்கு உறைத்தது வேறு. சொற்பட்டியல் வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஆள் நான். அப்படியிருந்தும் ஒரே கையேட்டுக்குள் இரண்டு சொல் எப்படி நுழைந்தது? தேடிப் பார்த்ததில் மொழிபெயர்ப்பில் கோளாறு இல்லை, திரையில் விண்டோக்களை அடுக்கி வைத்திருந்த விதத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. நடுவில் இன்னும் மூன்று தடவை சறுக்கினேன், அந்தச் சறுக்கல்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான்.

43 டேப்

நான் பயன்படுத்துவது அப்சிடியன் என்ற குறிப்பு ஆப். ஷிடா லி, எரிகா ஷு என்ற இரண்டு பேர், அதற்கு முன்னால் டைனலிஸ்ட் என்ற பட்டியல் ஆப்பைச் செய்தவர்கள், 2020இல் வெளியிட்டது. உங்கள் குறிப்புகள் எல்லாம் உங்கள் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் மார்க்டவுன் என்ற சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும், அந்த ஃபோல்டருக்கு வால்ட் என்று பெயர். ஆப் நாளைக்கே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம். நான் இதற்கு வந்ததே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஆரம்பத்தில் ஒரு வால்டுக்கு ஒரு விண்டோதான். அதற்குள்ளேயே திரையைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி, பேன் (pane) என்கிற கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 2022இல் 0.15 பதிப்பில், ஒரு நோட்டைப் பிய்த்துத் தனி விண்டோவாக வெளியே போடுகிற வசதி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 1.0 பதிப்பில் பிரௌசரில் இருப்பது போல டேப்கள் வந்தன. எனக்கு வினை ஆரம்பித்தது அங்கேதான். பேன் மட்டும் இருந்த காலத்தில் ஐந்தாவது பேனைத் திறந்தாலே எழுத்து புடலங்காய் மாதிரி நீளமாகத் தொங்கும், கண் வலிக்கும், தானாகவே இரண்டை மூடிவிடுவோம். டேபுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எத்தனை திறந்தாலும் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒளிந்துகொள்ளும்.

ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 43. அன்றைய வேலைக்கு வேண்டியவை 9. "அப்புறம் படிக்கணும்" என்று விட்டுவைத்தவை 13. எதற்குத் திறந்தேன் என்றே நினைவில்லாதவை 16. மிச்சம் ஐந்து? ஐந்துமே அதே சொற்பட்டியல். இந்த ஆப்பில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு இணைப்பைத் தட்டினால், அந்த நோட்டு ஏற்கெனவே எங்கோ திறந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது, புதிதாக ஒரு டேபில் திறக்கும். ஒரே கோப்பு என்பதால் ஒன்றில் திருத்தினால் ஐந்திலும் திருத்தம் தெரியும், ஆபத்து இல்லை. குப்பை மட்டும் சேரும்.

முதல் வைத்தியம், தப்பான வைத்தியம்

குப்பையைக் குறைக்க எனக்குத் தோன்றிய வழி, வாடிக்கையாளருக்கு ஒரு வால்ட். பம்பு வேலைக்கு ஒன்று, போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிற இன்னொரு வாடிக்கையாளருக்கு ஒன்று, வீட்டுக் கணக்கும் சொந்த எழுத்தும் சேர்த்து மூன்றாவது. ஒவ்வொரு வால்டும் தனித்தனி விண்டோவில் திறக்கும், தனித்தனி அமைப்புகள். ஒரு மாதம் ஜோராகத்தான் ஓடியது. டேப் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் வால்டுக்கும் வால்டுக்கும் நடுவில் சுவர். ஒன்றில் தேடினால் மற்றதில் இருப்பது வராது, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழக்கமான இணைப்பும் போட முடியாது. சொற்பட்டியலோ இரண்டு வேலைக்கும் வேண்டும். என்ன செய்தேன்? நகலெடுத்து ஒட்டினேன். அந்த நொடியிலேயே தவறு நடந்து முடிந்துவிட்டது, வால்வு விஷயம் வெளியே வர மட்டும்தான் நாளானது.

நடந்தது இது. ஸ்டார்ட்டர் பெட்டிக்காரர்கள் 'திரும்பா வால்வு' என்ற சொல்தான் வேண்டும் என்றார்கள், அந்த வால்டின் பட்டியலில் மாற்றினேன். பம்பு வால்டில் 'ஒருவழி வால்வு' அப்படியே இருந்தது. பம்பு கையேட்டின் இரண்டாம் பாதியைச் செய்துகொண்டிருந்தபோது ஆல்ட்-டேப் தட்டி சொற்பட்டியலுக்குப் போனேன், போய் நின்றது ஸ்டார்ட்டர் வால்டின் விண்டோவில். இரண்டிலும் ஒரே கறுப்புத் தீம், இரண்டிலும் நோட்டின் பெயர் 'சொற்பட்டியல்', எழுத்தளவு உட்பட எல்லாம் அச்சு அசல். விண்டோவின் தலைப்பில் வால்டின் பெயர் இருக்கும்தான். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

1986இல் சொல்லிவிட்டார்கள்

மூன்றையும் மறுபடி ஒரே வால்டாகக் கலக்கினேன், அதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதன் பிறகு, ஒரே வால்டுக்குள் வேலைக்கு வேலை திரையை மாற்றுவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'ரூம்ஸ்' என்ற பழைய ஆராய்ச்சி கண்ணில் பட்டது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் செய்தது, கட்டுரை வெளியானது 1986இல். இன்றைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மூத்த உறவு என்று சொல்லலாம்.

அவர்கள் பிரச்சினையைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கணினியின் நினைவகம் சிறியதாக இருந்தால், ஒரு பகுதியை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும், தள்ளியது அடுத்த நொடியே வேண்டியிருக்கும், கடைசியில் வேலை எதுவும் நடக்காமல் தூக்கி வைப்பதும் இறக்கி வைப்பதுமாகவே பொழுது போகும். 1968இல் பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்து, ஒரு நிரலுக்கு ஒரு நேரத்தில் சேர்ந்தாற்போல் வேண்டியிருக்கும் பகுதிகள் ஒரு தொகுதி, அந்தத் தொகுதி முழுதாக உள்ளே இருந்தால்தான் நிரல் நகரும் என்று காட்டினார். ஹெண்டர்சனும் கார்டும் அதையே திரைக்குப் பொருத்தினார்கள். நம் வீட்டுச் சமையல் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுப்பு, ஒரு முழம் இடம். கடாயை வைக்க இட்லிக் குண்டானை இறக்கி, அதை வைக்க இடம் இல்லாமல் மிக்சியைத் தள்ளி, தள்ளிய மிக்சிதான் அடுத்து வேண்டும் என்று தெரியவரும். திரையும் அதே முழம்தான். ஆகவே வேலைக்கு ஒரு அறை, அந்த வேலைக்கு வேண்டிய விண்டோ எல்லாம் அந்த அறையில்.

இது வரைக்கும் யாரும் யோசித்துவிடலாம். அவர்கள் அடுத்துச் செய்ததுதான் விஷயம். விண்டோ வேறு, அது ஓர் அறையில் எந்த இடத்தில் எந்த அளவில் இருக்கிறது என்பது வேறு என்று இரண்டாகப் பிரித்தார்கள், பின்னதற்குப் பிளேஸ்மென்ட் என்று பெயர். ஒரே விண்டோவுக்கு நான்கு அறைகளில் நான்கு பிளேஸ்மென்ட் இருக்கலாம், ஓர் அறையில் பெரிதாக நடுவில், இன்னொன்றில் சிறிதாக மூலையில். ஆனால் விண்டோ ஒன்றுதான். என் சொற்பட்டியலுக்கு வேண்டியிருந்தது கச்சிதமாக இது. நான் பிளேஸ்மென்டை இரண்டாக்குவதற்குப் பதிலாகச் சொற்பட்டியலையே இரண்டாக்கியிருந்தேன்.

இரண்டாம் வைத்தியம்

அப்சிடியனில் வொர்க்ஸ்பேசஸ் என்று ஒரு உள் பிளகின் இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டாம், அமைப்புகளுக்குள் போய் ஆன் செய்தால் போதும். திரையை வேண்டியபடி அடுக்கி, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால், எந்த பேன் எங்கே, எதில் எந்த நோட்டு, பக்கப்பட்டை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, வெளியே பிய்த்துப் போட்ட விண்டோ எங்கே நிற்கிறது என எல்லாமே அந்தப் பெயரோடு நிற்கும். நோட்டுக்குள் இருக்கும் எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த லேஅவுட்டில் திறந்தாலும் கோப்பு அதே கோப்புதான்.

'கையேடு' என்று ஒரு லேஅவுட் போட்டேன். என்னிடம் ஒரு 14 அங்குல லேப்டாப், பக்கத்தில் ஒரு 24 அங்குல மானிட்டர். பெரிய திரையில், பிய்த்துப் போட்ட விண்டோ ஒன்று: இடப்பக்கம் ஆங்கில மூலத்தின் பிடிஎஃப், வலப்பக்கம் என் தமிழ். இப்படித் தனியே பிய்த்த விண்டோவுக்குக் கோப்புப் பட்டியல் மாதிரிப் பக்கப்பட்டைகள் வராது, சிலருக்கு அது குறை, எனக்கு வரம், ஏனென்றால் முழு அகலமும் வேலைக்கே கிடைக்கிறது. லேப்டாப் திரையில் முதன்மை விண்டோ: கோப்புப் பட்டியல், அதற்குப் பக்கத்தில் சொற்பட்டியல், கீழே வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். சொற்பட்டியலை 'பின்' செய்துவிட்டேன், அதாவது குண்டூசி குத்தினாற்போல் அதன் இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பின் செய்யாமல் விட்டால், அதிலுள்ள ஏதாவது ஒரு இணைப்பைத் தட்டிய மறு நொடி சொற்பட்டியல் இருந்த இடத்தில் வேறு நோட்டு உட்கார்ந்திருக்கும். பின் செய்த டேப் இடத்தை விட்டு நகராது, இணைப்பு வேறு டேபில் திறக்கும். இந்த ஆப்பில் ஒரே ஒரு வசதியை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இந்தக் குண்டூசியைத்தான் கேட்பேன்.

'வீடு' என்று இன்னொன்று, பால் கணக்கும் மின்கட்டணமும் அன்றைய நாட்குறிப்பும். 'படிப்பு' என்று மூன்றாவதும் போட்டேன், டேப்களைச் சீட்டுக்கட்டை விரித்தாற்போல் அடுக்கிக் காட்டும் அமைப்பில். அழகாக இருந்தது, அதில் ஒரு பக்கமும் படிக்கவில்லை, பத்தாம் நாள் நீக்கிவிட்டேன்.

இரண்டு கோப்பு

ஒரு வாரம் 'கையேடு' லேஅவுட்டை மெருகேற்றிக்கொண்டே இருந்தேன், ஒரு பேனை அகலமாக்குவது, இன்னொன்றைக் கீழே இறக்குவது என்று. பிறகு ஒரு மாலை 'வீடு' போய்விட்டுத் திரும்பினால், முதல் நாள் சேமித்த பழைய அடுக்கு அப்படியே நிற்கிறது. ஒரு வார மெருகு காணோம். நெட்வொர்க் வேலை பார்க்கிற தம்பி ஒருவன், கூடப் பிறந்தவன் இல்லை, அதே தெருக்காரன், அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வேற லேஅவுட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதை சேவ் பண்ணீங்களா?"

"முதல் நாளே சேவ் பண்ணிட்டேனே. அதுக்கப்புறம் தினமும் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றேன், எல்லாம் விட்ட இடத்துல சரியா வருதேடா."

"அது வேற ஃபைலுண்ணே."

உண்மையிலேயே வேறு ஃபைல்தான். வால்டுக்குள் அப்சிடியன் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதில் வொர்க்ஸ்பேஸ்.ஜேசன் என்று ஒன்று, வொர்க்ஸ்பேசஸ்.ஜேசன் என்று இன்னொன்று, பெயரில் ஒரு 'ஸ்' மட்டும்தான் வித்தியாசம். முதலாவதில் இந்த நிமிஷம் திரை எப்படி இருக்கிறதோ அதை ஆப் தானாகவே எழுதிக்கொண்டே இருக்கும், அதனால்தான் மூடித் திறந்தாலும் விட்ட இடத்தில் வருகிறது. இரண்டாவதில் நாம் பெயர் வைத்துச் சேமித்தவை. அதில் நாமாகச் சேமித்தால் மட்டுமே மாறும். முதலாவதன் சுறுசுறுப்பைப் பார்த்து இரண்டாவதும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டது என் தப்பு.

இரண்டு கணினிக்கு நடுவில் வால்டை ஒத்திசைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த முதல் கோப்பை மட்டும் ஒத்திசைவிலிருந்து விலக்கிவிடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் மாறுகிற கோப்பு அது, இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். ஃபோனுக்கு ஆப் தனியாக வேறொரு கோப்பு வைத்துக்கொள்கிறது, அங்கே விண்டோவைப் பிய்த்துப் போடுகிற வேலையும் கிடையாது, ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆர்வத்தில் கோப்பைத் திறந்தும் பார்த்தேன். கிளைவிட்ட மரம் மாதிரி இருக்கிறது: பிளவு, அதற்குள் டேப் கூட்டம், அதற்குள் இலை, ஆமாம், ஒவ்வொரு டேபுக்கும் அங்கே இலை என்றுதான் பெயர். ஃப்ளோட்டிங் என்ற கிளையில் என் பெரிய திரை விண்டோ இருந்தது, அகலம், உயரம், அப்புறம் எக்ஸ் 1544, அதாவது இடப்பக்கத்திலிருந்து 1544ஆவது புள்ளியில் விண்டோ ஆரம்பிக்கிறது. லேப்டாப் திரையின் அகலமே என் அமைப்பில் 1536 புள்ளிதான். அந்த எண்ணைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது. லேப்டாப் மட்டும் கையில். 'கையேடு' லேஅவுட்டைத் திறந்தால் சொற்பட்டியல் வருகிறது, கேள்விகள் வருகிறது, மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை. கீழே டாஸ்க்பாரில் விண்டோ இருக்கிறது, தட்டினால் வராது. 1544ஆவது புள்ளியில், சென்னையில் மேசைமேல் இருக்கிற மானிட்டரில், அது பாட்டுக்குத் திறந்துகொண்டு நிற்கிறது. ஆல்ட்-டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் சாவியோடு இடது அம்பைத் தட்டியதும் இந்தத் திரைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மானிட்டரைக் கழற்றும் வழக்கம் உள்ளவர்கள் பிய்த்த விண்டோ இல்லாத இன்னொரு லேஅவுட்டையும் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. என்னுடையதற்கு 'கையேடு-ஊர்' என்று பெயர்.

சேமிக்காமல் விடுவது

லேஅவுட் காணாமல் போன அன்றே தீர்வு கிடைத்துவிட்டதாக நினைத்தேன். இப்போதிருக்கும் லேஅவுட்டைச் சேமித்துவிட்டு அடுத்ததைத் திற என்று ஒரே கட்டளை பிளகினிலேயே இருக்கிறது, அதற்கு ஒரு குறுக்குவிசை வைத்தேன். இனி எதுவும் தொலையாது. தொலையவும் இல்லை, அதுதான் தொல்லை. மூன்றாவது வாரம் பார்த்தால் 'கையேடு' லேஅவுட்டில் மட்டும் 17 டேப். பழைய நோய் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் ஒரே பெட்டியில் இரண்டு சங்கதிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். எது எங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்று, அது மாதக்கணக்கில் மாறாது. இப்போதைக்கு எது திறந்து கிடக்கிறது என்பது இன்னொன்று, அது மணிக்கணக்கில் மாறும். முன்னதைச் சேமிக்க வேண்டும், பின்னதைச் சேமிக்கவே கூடாது. தானாகச் சேமிக்காதது குறை என்று நான் புலம்பிய அதே குணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

குறுக்குவிசையை எடுத்துவிட்டேன். இப்போது லேஅவுட்டை வெறுமனே லோடு மட்டும் செய்கிறேன். சாயங்காலம் 'வீடு' போய்விட்டு மறுநாள் காலை 'கையேடு' திரும்பினால், முந்தின நாள் இறைத்த டேப் எல்லாம் போய், மேசை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. பயமாக இல்லையா என்றால், முதல் வாரம் இருந்தது. பாதியில் விட்டதை மறக்காமல் இருக்க 'நாளைக்கு' என்று ஒரு நோட்டு, கிளம்புவதற்கு முன் அதில் இணைப்போடு ஒரு வரி. அந்தப் 13 "அப்புறம் படிக்கணும்" டேப்களும் இதே போல ஒரு பட்டியலாகிப் போயின. இன்றுவரை அதில் நான்கைத்தான் படித்திருக்கிறேன். எதற்கென்று தெரியாத 16ஐ மூடினேன், ஒன்றையும் தேடவில்லை.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. லேஅவுட் நோட்டின் பெயரையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறது, எனவே பம்பு கையேடு முடிந்து அடுத்த வேலை வந்த பிறகும் லோடு செய்தால் அதே பழைய பம்பு. இதற்கு நான் கண்ட வழி கொஞ்சம் நாட்டு வைத்தியம். எந்த நோட்டு என்பது மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், நேரே வேலை நோட்டை வைக்காமல், 'நடப்பு' என்ற ஒரே நோட்டை வைத்துச் சேமித்திருக்கிறேன். அதில் மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமான இணைப்பு இரண்டே வரி, வேலை மாறும்போது அந்த வரிகளை மாற்றினால் போதும். அந்த இடங்களைப் பின் செய்வதில்லை, இணைப்பைத் தட்டினால் அதே இடத்தில் வேலை திறந்துகொள்ளும். காலையில் இரண்டு தட்டு கூடுதல். சொற்பட்டியல் மாதிரி மாறாதவை மட்டும் பின்.

போன மாதம் அதே சரிபார்ப்பாளர் மறுபடி கூப்பிட்டார். கையேட்டின் அடுத்த பதிப்பு வருகிறதாம், விவசாயிகளிடம் கொடுத்துப் பார்த்ததில் ஒருவழியும் புரியவில்லை, திரும்பாவும் புரியவில்லை, கடையில் சொல்கிற மாதிரியே 'என்.ஆர்.வி. வால்வு' என்று போடச் சொல்கிறார்கள். கடைசி எழுத்தே வால்வுதானே சார், வால்வு வால்வு என்று வருமே என்றேன். "இருக்கட்டும் சார், அப்படித்தான் கேட்டு வாங்குறாங்க." லேப்டாப் திரையில், எப்போதும் இருக்கிற இடத்தில், சொற்பட்டியல் இருந்தது. ஒரு வரி மாற்றினேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்காரர்களுக்கு 'திரும்பா வால்வு'தான் வேண்டும் என்பது அதற்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது.